வாரம் மூணு பதிவு போடச் சொன்ன துறைக்கு

அனுப்புநர்:
மேற்பார்வையாளர்,
தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு,
பம்பு தொழிற்சாலை, கோவை.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
பிராண்ட் கம்யூனிகேஷன் துறை,
அதே தொழிற்சாலை, முதல் மாடி, ஏ.சி. பகுதி.

பொருள்: ஊழியர்கள் லிங்க்ட்இன்னில் வாரம் மூன்று பதிவு இடுதல் – விளக்கம் கோரப்பட்டது – சமர்ப்பித்தல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் சுற்றறிக்கை. 2. அதற்கான நினைவூட்டல். 3. நினைவூட்டலுக்கான நினைவூட்டல்.

ஐயா,

ஸ்டாஃப் கிரேடில் உள்ள ஒவ்வொருவரும் செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் காலை எட்டரை முதல் பத்துக்குள் லிங்க்ட்இன்னில் ஒரு பதிவு இட வேண்டும், அதற்கு அப்ரைசலில் பத்து மார்க் என்று பார்வை 1-இல் கண்டுள்ளது. என் பெயருக்கு நேரே தொடர்ந்து பூஜ்யம் விழுவதால் எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். விளக்கம் பின்வருமாறு.

எட்டரைக்கு ஷிஃப்ட் தொடங்குகிறது. முதல் பீஸை அளந்து நான் கையெழுத்துப் போடும்வரை எந்த லேத்தும் அடுத்த பீஸைத் தொடக் கூடாது. அந்த நேரத்தில் என் ஒரு கையில் வெர்னியரும் மறு கையில் ரிப்போர்ட்டும் இருக்கும். செல்போன் லாக்கரில் இருக்கும். மஞ்சள் கோட்டுக்கு உள்ளே போன் கொண்டுவந்தால் மெமோ என்று பாதுகாப்புத் துறை போட்ட சுற்றறிக்கையும் தங்கள் சுற்றறிக்கையும் ஒரே பலகையில், ஒரே குண்டூசியில் தொங்குகின்றன. இரண்டிலும் கையெழுத்து ஒருவருடையதே. எந்த மெமோவை வாங்கிக்கொள்வது என்பதை மட்டும் தாங்கள் தெளிவுபடுத்தினால் போதும், வாங்கிக்கொள்கிறேன்.

பயிற்சி கொடுக்க வந்த ஏஜென்சித் தம்பியிடம் இதைச் சொன்னேன். "ஷெட்யூல் பண்ணிடுங்க சார், முந்தின நாள் ராத்திரி எழுதி வெச்சுட்டா காலைல அதுவா போயிரும்" என்றார். அதாவது புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் உள்ளத்தில் பொங்கவிருக்கும் உணர்ச்சியைச் செவ்வாய் ராத்திரியே பொங்கவைத்து ஆறவைத்துவிட வேண்டும். திங்கட்கிழமை எல்லோருக்கும் வேலை இருக்குமாம், வெள்ளிக்கிழமை மனசு வீட்டுக்குப் போய்விடுமாம், ஆகவே இடைப்பட்ட மூன்று நாள். செவ்வாய் வெறுவாய் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அன்றைக்கு எதையும் தொடங்க விட மாட்டார்கள். வெறும் வாயை மெல்லுவதற்கு அதுவே உகந்த நாள் என்பது இப்போதுதான் தெரிகிறது.

வாரத்துக்கு மூன்று என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்றும் அவரிடம் கேட்டேன். "அல்காரிதம் கேக்குது சார்" என்றார். நம் தொழிற்சாலையில் எந்த எண்ணைச் சொன்னாலும் அது எந்த டிராயிங்கில் இருக்கிறது, டாலரன்ஸ் எவ்வளவு என்று கேட்பது வழக்கம். 3 ± எவ்வளவு என்று கேட்டேன். அவர் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்.

கேட்பது யார் என்று நானே கொஞ்சம் தேடிப் பார்த்தேன். லிங்க்ட்இன் 2003 மே மாதம் திறக்கப்பட்ட இடம். வேலை தேடுகிறவர் பயோடேட்டாவை வைத்துவிட்டு வருவார், ஆள் தேடுகிறவர் எடுத்துப் பார்ப்பார். அங்கே நீளமாக எழுதும் உரிமையை 2012-இல் அழைக்கப்பட்ட பெரிய மனிதர்கள் சிலருக்கு மட்டும் கொடுத்தார்கள். சராசரி மனிதனுக்கு அந்த உரிமை 2014-இல்தான் கிடைத்தது. 2016-இல் மைக்ரோசாஃப்ட் அதை 2,620 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. ஒரு பதிவில் இன்றைக்கு 3,000 எழுத்துவரை எழுதலாம். ஆனால் முதல் இரண்டு மூன்று வரியோடு மடித்துவிடுவார்கள், மீதியைப் பார்க்க ஒரு தட்டு தட்ட வேண்டும். தட்டிவிட்டு எவ்வளவு நேரம் அங்கேயே நிற்கிறோம் என்பதையும் அளந்து, அடுத்து யாருக்கு எதைக் காட்டுவது என்று முடிவு செய்வதாக 2020-இல் அவர்களின் பொறியாளர்களே விளக்கி எழுதியிருக்கிறார்கள். நிற்கும் நேரத்தில் விளம்பரம் ஓடும்.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, அது அவர்கள் தொழில். நாம் செய்வது என்ன தொழில் என்பதுதான் என் ஐயம். ஜாப் ஒர்க் என்றால் மெட்டீரியல் அவர்களுடையது, கூலி நமக்கு. இங்கே மெட்டீரியலும் நம்முடையது, மிஷின் நேரமும் நம்முடையது, கூலியும் கிடையாது, ஸ்கிராப் மட்டும் நம்மிடம் தங்குகிறது. இப்படி ஒரு ஆர்டரைக் கணபதியில் ஒற்றை லேத் வைத்திருப்பவர்கூட எடுக்க மாட்டார்.

ஸ்கிராப் என்று ஏன் சொல்கிறேன் என்றால், படித்துப் பார்த்ததால் சொல்கிறேன். நம் ஃபோர்க்லிஃப்ட் ஆபரேட்டரின் கண் பரிசோதனைச் சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டதை அவருடைய இன்சார்ஜ் "சொல்லொணா மகிழ்ச்சியுடனும் பணிவுடனும்" உலகுக்கு அறிவித்திருந்தார். அக்கவுண்ட்ஸில் ஒருவர், ஜி.எஸ்.டி.ஆர்-3பி தாக்கல் தன்னை நல்ல தகப்பனாக்கியது எப்படி என்று எழுதியிருக்கிறார். இருபதாம் தேதி நெருங்கும்போது அவர் போனில் வீட்டாரிடம் பேசுவதைக் கேட்டவன் என்ற முறையில் இதை என்னால் உறுதிப்படுத்த இயலவில்லை.

எல்லாம் ஏஜென்சி கொடுத்த அச்சில் வார்த்தவை. வரிக்கு ஒரு பத்தி. முதல் வரியில் தோல்வி, இரண்டாவது வரியில் கண்ணீர், நடுவில் ஒரு வாட்ச்மேனோ டீக்கடைக்காரரோ வந்து ஞானம் சொல்ல வேண்டும், கடைசியில் "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று ஒரு கேள்வி. ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் 1937-இல் நம் ஊரில் மின்மோட்டார் செய்ததை இந்த அச்சில் ஊற்றிப் பார்த்தேன்.

இந்தியனால் மோட்டார் செய்ய முடியாது என்றார்கள்.

நான் சிரித்தேன்.

பிறகு செய்தேன்.

ஒப்புக்கொள்கிறீர்களா?

நான்கே வரியில் முடிந்துவிட்டது. அதில் ஸ்டேட்டர் இல்லை, ரோட்டார் இல்லை, செப்புக் கம்பி இல்லை. லைக் நிச்சயம் விழும்.

படிப்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். ஸ்டாஃப் இருநூறு பேர், ஆளுக்கு மூன்று என்றால் வாரம் 600 பதிவு, வருஷத்துக்கு 31,200. நம் பம்பை வாங்குகிறவர் பல்லடத்திலோ உடுமலையிலோ ஆயிரம் அடிக்கும் கீழே போர் போட்டுவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கும் விவசாயி. அவர் எந்தப் பம்பு வாங்குவது என்று கேட்கப்போவது மோட்டார் ரீவைண்டிங் கடைக்காரரிடம். எந்தக் கம்பெனி மோட்டார் அடிக்கடி காயில் எரிந்து வருகிறது, எதற்கு ஸ்பேர் உடனே கிடைக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். கடை வாசலில் கிடக்கும் எரிந்த மோட்டார்களே அவருக்கு டேட்டா. நம் 31,200 பதிவில் ஒன்றுகூட அந்த வாசலை எட்டப்போவதில்லை. நம் பதிவுகளுக்கு லைக் போட்டவர்கள் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ஸ்டோர்ஸுக்கு டிஸ்பாட்ச் போட்டிருக்கிறது, டிஸ்பாட்சுக்கு ஸ்டோர்ஸ் போட்டிருக்கிறது. நேரில் இந்த இரண்டு பிரிவும் பேசிக்கொண்டு ரொம்ப நாளாகிறது.

இவ்வளவு பேசும் நீ ஒரு பதிவாவது எழுதினாயா என்று கேட்பீர்கள். எழுதினேன். ஐயா அவர்களின் கனிவான கவனத்துக்கு அதைத்தான் கொண்டுவர விரும்புகிறேன்.

ஐப்பசி மழை பிடித்ததும் மோனோபிளாக் பம்பு கேசிங்குகள் ஹைட்ரோ டெஸ்டில் வியர்க்க ஆரம்பித்தன. அறுத்துப் பார்த்தால் உள்ளே ஊசித்துளை. மழைக்காலத்தில் இப்படி வந்தால் எல்லோரும் முதலில் கை நீட்டுவது மணலை. மோல்டிங் மணலில் ஈரம் ஏறிவிட்டது என்று மீட்டரை வைத்துப் பார்த்தோம், ஈரம் அளவோடு இருந்தது. பென்டோனைட்டை மாற்றிப் பார்த்தோம். ஸ்கிராப்பில் துரு அதிகமோ என்று பார்த்தோம். துளை குறையவில்லை. அறுத்த துண்டுகளை மேசையில் வரிசையாக வைத்து டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. கேசிங்கின் வெளிச்சுவர் சுத்தமாக இருந்தது, துளைகள் அத்தனையும் உள்சுவரில். உள்சுவரைத் தொட்டுக்கொண்டு நிற்பது மோல்டு அல்ல, கோர்.

கோர் என்பது கேசிங்கின் உட்குழிக்காக மோல்டுக்குள் வைக்கும் மணல் உருவம். நம் கோர் சி.ஓ.டூ முறையில் செய்வது. மணலில் சோடியம் சிலிகேட் கலந்து, கரியமில வாயுவைச் செலுத்தினால் கல்லாகிவிடும். அன்றன்றைக்கே ஊற்றிவிட்டால் தொல்லையில்லை. ஈரக்காற்றில் ராத்திரி முழுக்க வைத்தால் சத்தமில்லாமல் ஈரத்தைக் குடித்துக்கொண்டிருக்கும். அதன்மேல் 1,350 டிகிரி இரும்பு வந்து விழும்போது குடித்த ஈரமெல்லாம் ஆவியாகி, போக வழியில்லாமல் இரும்புக்குள்ளேயே குடியேறும். சரி, போன மழைக்கும் இதே கோர்தானே, அப்போது ஏன் வரவில்லை? கோர் ஷாப்பில் இருக்கிற அக்காவிடம் கேட்டேன்.

"கோர் வெக்கிற இந்த ரேக்கு முன்னால ஃபர்னஸ் பக்கத்துச் செவுத்தோரமா இருந்துதுங்க சார். எந்நேரமும் வெதுவெதுன்னு இருக்கும். போட்டோ எடுக்கோணும்னு மேல இருந்து சொன்னாங்கன்னு இந்த சன்னலோரமாத் தள்ளிப்போட்டாங்க. சாரல் வருதுங்கன்னு அப்பவே சொன்னனுங்க, யாருங்க கேக்கறா."

மேலே இருந்து சொன்னவர்கள் தாங்கள்தான், ஐயா. உலையின் செந்நிற வெளிச்சம் முகத்தில் அழகாக விழும் என்று ரேக் இருந்த இடத்தில் "நம் கதைச் சுவர்" அமைத்தீர்கள். ஊழியர்கள் அதன்முன் நின்று போட்டோ எடுத்துப் பதிவிட வேண்டும் என்பது பார்வை 1-இன் மூன்றாவது பத்தி.

இதைப் பத்து வரியில் எழுதினேன். கதைச் சுவரைக் குறிப்பிடவில்லை, "ரேக் இடம் மாற்றப்பட்டது" என்று நாகரிகமாக முடித்துக்கொண்டேன். துளை உள்சுவரில் மட்டும் வந்தால் மணலைத் திட்டுமுன் கோரைப் பார், கோர் ராத்திரி எங்கே தூங்குகிறது என்று பார், கோர் செய்கிறவரைக் கேள் – அவ்வளவுதான் விஷயம். அறுத்த துண்டின் படத்தையும் வைத்து ஒப்புதலுக்கு அனுப்பினேன். சிவப்பு மையில் குறிப்புகளோடு திரும்பி வந்தது. "ரிஜெக்‌ஷன் என்ற சொல் வேண்டாம், கஸ்டமர் பார்ப்பார்." "துளை எதிர்மறையாக உள்ளது." "கோர் புரியவில்லை." "மழை ஓகே."

பிறகு ஏஜென்சி திருத்தி, என் பெயரில், "மழை எனக்குக் கற்றுத்தந்த ஐந்து தலைமைப் பண்புகள்" என்று ஒரு பதிவு போனது. படத்தில் ஒருவர் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார். அது நான் இல்லை. அந்தப் பதிவுக்கு ஸ்டோர்ஸும் டிஸ்பாட்சும் லைக் போட்டிருக்கின்றன. நான் போடாத பதிவு என்பதால் என் கணக்கில் பூஜ்யம் அப்படியே இருக்கிறது.

பெலகாவியிலும் கோலாப்பூரிலும் ராஜ்கோட்டிலும் ஹௌராவிலும் நம்மைப் போல வார்ப்படக்காரர்கள் இருக்கிறார்கள். அங்கேயும் மழை பெய்யும், அங்கேயும் சி.ஓ.டூ கோர் உண்டு. அறுத்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கும் ஒரு சூப்பர்வைசருக்கு என் பத்து வரி உதவியிருக்கும். அவர் எனக்கு வேறொன்றைத் திருப்பிச் சொல்லியிருப்பார். தொழில் செய்கிறவர்கள் சந்திக்கும் தளம் என்றால் இதற்குத்தானே? படிப்பவருக்கு அறிவோ ஆலோசனையோ தரும் பதிவுகளை முன்னுக்குக் கொண்டுவர முயல்வதாக 2023-இல் அந்தத் தளத்தாரே சொன்னார்கள். லைக்கையும் கமென்ட்டையும் கெஞ்சி வாங்கும் பதிவுகளைக் குறைத்துக் காட்டப்போவதாக 2022-லேயே அறிவித்தும்விட்டார்கள். "கமென்டில் ‘பம்பு’ என்று தட்டினால் கையேடு அனுப்பிவைப்போம்" என்று போன வாரம் ஊழியர்களைப் போடவைத்த பதிவு எந்த வகையில் சேரும் என்று தாங்களே சொல்லுங்கள். கமென்டில் பம்பு என்று தட்டிய ஒரே வெளியாள், பம்பு ரிப்பேர், உடனே ஆள் அனுப்பவும் என்று எழுதியிருந்தார். இதுவரை யாரும் போகவில்லை.

ஆக நிலைமை இதுதான். எனக்குத் தெரிந்ததை எழுதினால் கஸ்டமர் பார்ப்பார் என்று தடை. டிராயிங்கைப் பற்றி எழுதினால் ரகசிய ஒப்பந்தம். எனக்குத் தெரியாத தலைமைப் பண்பைப் பற்றி மட்டும் வாரம் மூன்று முறை எழுத அனுமதி உண்டு, எழுதாவிட்டால் மெமோவும் உண்டு.

ஒரு நல்ல சேதியும் சொல்லிவிடுகிறேன். எஸ்.எஸ்.ஐ. என்று அந்தத் தளம் ஒவ்வொருவருக்கும் நூற்றுக்குப் போடும் மார்க்கை, விபத்தில்லா நாட்கள் பலகைக்குப் பக்கத்திலேயே எழுதி மாட்டியிருக்கிறீர்கள். அதில் முதலிடம் பர்ச்சேஸில் இருக்கும் தம்பி. மூன்று நாளும் தவறாமல் எழுதியவர், படம் நன்றாக விழுந்தவர், தாங்கள் கேடயம் கொடுத்தவர். அவர் நோட்டீஸ் கொடுத்துவிட்டார். பதிவுகளைப் பார்த்து நம் போட்டிக் கம்பெனியின் ஆள்தேடும் பிரிவு கூப்பிட்டதாம், சம்பளமும் கூடவாம். லிங்க்ட்இன் வருமானத்தில் ஒரு பெரிய பங்கு, ஆள் தேடுகிறவர்களுக்கு விற்கும் சேவையிலிருந்து வருகிறது. அந்தக் கடையின் ஷோகேஸில் நம் ஆட்களை நாமே துடைத்து, வாரம் மூன்று முறை முன்வரிசையில் எடுத்துவைத்துக்கொண்டிருக்கிறோம். கடைசி நாள் பதிவையும் அவர் ஷெட்யூல் செய்துவிட்டதாகக் கேள்வி. நம் எல்லோருக்கும் நன்றி சொல்லியிருக்கிறாராம்.

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போவது தரக்கட்டுப்பாட்டுக்கு அழகல்ல என்பதால் ஒரு யோசனையும் இணைத்திருக்கிறேன். வாங்கும் பொருளுக்கும் செய்யும் பொருளுக்கும் இன்ஸ்பெக்‌ஷன் உண்டு. பதிவுக்கு மட்டும் ஏன் இல்லை? மாதிரி எடுத்துச் சோதிப்பதற்கு ஐ.எஸ். 2500 இருக்கிறது. 600 எண்ணம் கொண்ட லாட்டுக்கு, சாதாரண இரண்டாம் நிலைச் சோதனையில், மாதிரி 80. குறைகளை இப்படிப் பிரித்தேன். நடக்காததை நடந்ததாக எழுதியது கிரிட்டிகல், ஒன்றுகூட ஏற்பதற்கில்லை. காரணமில்லாமல் அழுதது மேஜர், ஏ.க்யூ.எல். என்னும் ஏற்புத் தர வரம்பை 1.0 என்று வைத்தால் 80-இல் இரண்டுவரை ஏற்கலாம், மூன்றாவது வந்தால் லாட் முழுதும் நிராகரிப்பு. வரிக்கு ஒரு பத்தி என்பதை மைனரில் வைத்தேன். மேஜரில் வைத்தால் அளப்பதற்கு எதுவும் மிஞ்சாது.

போன வார லாட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஐந்தாவது மாதிரியிலேயே கிரிட்டிகல். நான்கு வயசு மகன் பல் தேய்த்துக்கொண்டே, "அப்பா, பம்பு விக்கறதை விட நம்பிக்கையை விக்கறதுதானே பெருசு?" என்று கேட்டதாக மார்க்கெட்டிங்கில் ஒருவர் எழுதியிருந்தார். அவருக்கு இன்னும் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். லாட்டுக்குச் சிவப்பு டேக் போட்டுத் தனியே வைத்திருக்கிறேன். தரமற்ற பொருள் தவறிக்கூட வெளியே போகக் கூடாது என்பது ஐ.எஸ்.ஓ. 9001-இன் 8.7 பிரிவு. ஆனால் இவை ஏற்கெனவே வெளியே போய்விட்டன. கஸ்டமரிடமிருந்து திரும்பப் பெறும் வழிமுறை தங்கள் துறையில் இருந்தால் தெரிவிக்கவும்.

என் பிரிவைப் பொறுத்தவரை கீழ்க்கண்டவாறு அனுமதி தருமாறு கேட்டுக்கொள்கிறேன். கேஜ்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை கேலிப்ரேஷன் நடக்கும், அதில் ஏதேனும் புதிதாகத் தெரிந்தால் எழுதுகிறேன். மழைக்காலத்தில் வார்ப்படம் ஏதாவது கற்றுக்கொடுக்கும், கொடுத்தால் எழுதுகிறேன். டெஸ்ட் பெட்டில் ஒரு பம்பு சொன்ன ஹெட்டைத் தராமல் மக்கர் செய்து, காரணம் கண்டுபிடித்தால் எழுதுகிறேன். துளையைத் துளை என்றே எழுதுவேன். மற்ற வாரங்களில் என் பெயருக்கு நேரே "பதிவு இல்லை, பொருள் நல்ல நிலையில் உள்ளது" என்று போட்டுக்கொள்ளலாம். அப்ரைசலில் அந்தப் பத்து மார்க்கை கோர் ஷாப் அக்காவின் பெயருக்கு மாற்றிவிடலாமா என்றும் கேட்டிருந்தேன். அவர் ஸ்டாஃப் கிரேடில் இல்லை, லிங்க்ட்இன்னிலும் இல்லை, ஆகவே வழியில்லை என்று ஹெச்.ஆரில் சொல்லிவிட்டார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேற்பார்வையாளர், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு.

இணைப்பு:
1. அறுத்த கேசிங் துண்டு – 2 எண்ணம். மேசையில் வைக்கக் காகிதம் விரித்துக்கொள்ளவும், கறை படும்.
2. நிராகரிக்கப்பட்ட பதிவுகள் – 1 லாட்.

நகல்:
ஃபவுண்டரி மேலாளர் அவர்களுக்கு – வானிலை அறிக்கையில் வியாழக்கிழமை மறுபடி மழை என்று போட்டிருக்கிறான். கதைச் சுவரை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும், ரேக்கை இன்றைக்கு ரெண்டாவது ஷிஃப்டுக்குள் பழைய இடத்துக்கு நகர்த்திவிடவும்.